காடைர் இட்ரிஸ் மலைக்குக் குழுவை அழைத்துச் செல்லுமுன் வழி பார்த்து வருவது எப்படி?

கேள்வி: நடைவழி

அனைவருக்கும் வணக்கம்.

நான் பர்மிங்காமில் வசிக்கிறேன். எங்கள் அலுவலக நண்பர்களும் அவர்கள் குடும்பத்தினருமாகப் பன்னிரண்டு பேர், வரும் அக்டோபர் மாத நடுவில் ஒரு சனிக்கிழமையன்று, வேல்ஸின் எரரி தேசியப் பூங்காவில் உள்ள காடைர் இட்ரிஸ் மலையில் ஏற விரும்புகிறார்கள். ஸ்னோடோனியா என்று நாம் சொல்லிப் பழகிய பகுதிதான் எரரி. குழுவில் மிக இளையவருக்கு 24 வயது, மூத்தவருக்கு 61 வயது. நான்கு பேர் மட்டுமே இதற்கு முன்பு மலை ஏறியவர்கள். கடந்த ஆறு ஆண்டுகளாக நான் அடிக்கடி வேல்ஸ் மலைகளுக்குப் போய்வருவதாலும், வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரிந்தவன் என்பதாலும், வழிநடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை.

நான் எண்ணியிருக்கும் வழி இது. தென்கிழக்கே டோல் இட்ரிஸ் வாகன நிறுத்துமிடத்திலிருந்து மின்ஃபோர்த் பாதையில் காட்டுக்குள் ஏறி, லின் கை ஏரிக்கு மேலுள்ள முகட்டில் கிரைக் கூம் அமார்க் உச்சியைக் கடந்து, 893 மீட்டர் உயரமுள்ள பெனகாடைர் என்னும் தலையுச்சியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே மனித் மோய்ல் வரை நடந்து, அதன் தெற்குச் சரிவில் இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஏற்றம் 900 மீட்டருக்குச் சற்று மேல்.

இந்த மலையில் ஒரே ஒருமுறை, அதுவும் மறுபக்கத்துக் குதிரைப்பாதை வழியாக, நான் ஏறியிருக்கிறேன். குழுவை அழைத்துச் செல்வதற்கு இரண்டு வாரம் முன்னதாக நான் மட்டும் போய் முழு வழியையும் நடந்து பார்த்து வரலாம் என்று இருக்கிறேன். அப்படிப் போகும்போது எதையெதைக் கவனிக்க வேண்டும்? வழி தெரிந்துகொள்வது மட்டுந்தானா, வேறு ஏதேனும் உண்டா? ஒருமுறை போனால் போதுமா? தனியாகப் போவது சரியா? இதைச் செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: கல்லும்முள்ளும்

வணக்கம். நான் மலைநடைக் குழுக்களை வழிநடத்துவோருக்கான மவுண்டன் லீடர் தகுதி பெற்று ஒன்பது ஆண்டுகளாகக் குழுக்களை அழைத்துச் செல்கிறேன். பெரியவர்களைப் பணம் வாங்காமல் அழைத்துச் செல்ல இந்தத் தகுதி சட்டப்படி கட்டாயமில்லை; ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கட்டணம் பெற்று அழைத்துச் செல்வதற்கு உரிம விதிகள் உண்டு என்பதை, உங்கள் குழுவில் அந்த வயதில் யாரும் இல்லாவிட்டாலும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தெரிந்துகொள்வது மட்டுந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வழியை வரைபடமே சொல்லிவிடும். ஓஎல் 23 என்னும் எண்ணுள்ள ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் நீங்கள் சொன்ன சுற்று முழுவதும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்ப்பது, வரைபடம் சொல்லாத இரண்டு செய்திகளுக்காக: குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எந்த இடத்தில் தளர்ந்து போவார், அவர் தளர்ந்த அந்த இடத்திலிருந்து அவரைக் கீழே கொண்டுவர என்ன வழி இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், பார்க்க வேண்டியவை தாமாகவே கண்ணில் படும்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்த விதியை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அந்தக் கணக்கில் உங்கள் சுற்று மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது திடகாத்திரமான ஒருவர் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. புதியவர்கள் உள்ள குழுவுக்கு நான் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றும், 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் என்றும் வைத்துக்கொள்கிறேன். அப்போதே அது ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. உணவுக்கும், சட்டை மாற்றவும், காலணிக் கயிறு கட்டவும், படம் எடுக்கவும் ஆகும் நேரம் அதில் சேரவில்லை. செங்குத்தான இறக்கத்தையும் இந்த விதி கணக்கில் எடுப்பதில்லை. இந்த மலையில் அதுதான் பெரிய விஷயம்.

ஏனென்றால், உங்கள் சுற்றின் கடினமான பகுதி ஏற்றத்தில் இல்லை. மனித் மோய்லிலிருந்து நாண்ட் காடைர் ஓடை வரை வேலியை ஒட்டி இறங்கும் சரிவு மிகச் செங்குத்தானது. அது முடிந்ததும் காட்டுக்குள் உயரம் உயரமான கற்படிகள் வரும். காலையில் புத்துணர்ச்சியோடு ஏறும்போது அந்தப் படிகள் ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆறு மணி நேர நடைக்குப் பிறகு, முழங்கால் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, ஓக் இலைகள் விழுந்து நனைந்த அதே படிகளில் இறங்குவது முற்றிலும் வேறு அனுபவம். ஆகவே வழி பார்க்கப் போகும்போது உச்சி வரை போய்விட்டு வந்த வழியே திரும்பிவிடாதீர்கள். எந்தத் திசையில் குழுவை நடத்தப் போகிறீர்களோ அதே திசையில், கடைசிப் படி வரை நடந்து பாருங்கள்.

அடுத்தது, முடிவெடுக்கும் இடங்கள். இந்தச் சுற்றில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று இருப்பதாக நான் கருதுகிறேன்.

முதலாவது, ஏரிக்குப் போகும் வழியும் முகட்டுக்கு ஏறும் வழியும் பிரியும் இடம். லின் கை ஏரி ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில், பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம் போன்ற பள்ளத்தின் அடியில் இருக்கிறது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். அதுவரை போய்த் திரும்புவதே ஒரு நாளைக்கு நிறைவான நடை. களைத்தவர்களிடம் "உச்சிக்குப் போகாமல் திரும்புகிறோம்" என்று சொல்வதை விட "ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்" என்று சொல்வது எளிது. எந்த மணிக்குள் அங்கே வந்து சேராவிட்டால் மேலே போவதில்லை என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நின்று யோசித்தால் மனம் உச்சியின் பக்கமே சாயும்.

இரண்டாவது, 791 மீட்டர் உயரமுள்ள கிரைக் கூம் அமார்க். அங்கிருந்து வடக்கே ஒரு கணவாய்க்கு இறங்கி மீண்டும் ஏறினால்தான் பெனகாடைர். அந்தக் கணவாயிலிருந்து ஏரியை நோக்கிச் செங்குத்தான சரளைப் பள்ளம் ஒன்று இறங்குகிறது. மேலிருந்து பார்த்தால் ஏரி காலடியில் இருப்பது போலத் தோன்றுவதால் களைத்தவர்களுக்கு அது குறுக்குவழியாகத் தெரியும். கல் உருளும் இடம் அது. குழுவை அதில் இறக்கவே கூடாது.

மூன்றாவது, தலையுச்சி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உச்சியில் கூரையுள்ள ஒரு சிறிய கற்குடில் இருப்பதால் ஒதுங்குவதற்கு இடம் உண்டு. ஆனால் அங்கே ஒருவருக்கு உடல் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? வந்த வழியே திரும்பினால் கிரைக் கூம் அமார்க்கை மீண்டும் ஏறிக் கடக்க வேண்டும். முன்னே போனால் மனித் மோய்லின் இறக்கம். வடக்கே இறங்கும் நரிப்பாதை என்பது அரித்துப்போன சரளைச் சரிவு. வரைபடத்தில் அது கோடாக இருக்கிறதே என்று நம்பி இறங்கியவர்கள் பலர் துன்பப்பட்டிருக்கிறார்கள். எஞ்சுவது வடமேற்கே டீ நாண்ட் வரை இறங்கும் குதிரைப்பாதை. நான்கிலும் நடக்கச் சுகமானது அதுதான். ஆனால் அது உங்களை மலையின் மறுபக்கத்தில், உங்கள் வண்டிகளிலிருந்து வெகு தொலைவில், டோல்கெத்லாய் ஊருக்கருகே கொண்டுபோய் விடும். ஒரு வண்டியைக் காலையிலேயே டீ நாண்டில் நிறுத்திவிட்டு வர முடியுமா என்று பாருங்கள். குறைந்தபட்சம், அந்தப் பக்கம் வந்து அழைத்துச் செல்லக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும். உங்களுக்குக் குதிரைப்பாதை ஏற்கெனவே பழக்கம் என்பது நல்ல செய்தி.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் முடிந்தால் குழுவில் ஒருவரை, அதிலும் மிக மெதுவாக நடப்பவர் என்று நீங்கள் நினைக்கும் ஒருவரை, உடன் அழைத்துப் போங்கள். அவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் உங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டிய இடம்.

மறுமொழி 2: ஈரமண்

மேலே எழுதியவர் சொன்னதில் கடைசி வரியை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். நான் அதைச் செய்யாமல் தவறியவன் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே சுற்றுக்கு ஒன்பது பேரை அழைத்துச் சென்றேன். வழி பார்க்க ஜூன் மாதத்தில் நான் மட்டும் போயிருந்தேன். வானில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கார்டிகன் வளைகுடா வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்து மணி நேரத்துக்குள் கீழே வந்துவிட்டேன். குறிப்பேட்டில் "வழி தெளிவு, சிக்கல் ஏதுமில்லை" என்று எழுதினேன். அந்த வரியை இப்போதும் வைத்திருக்கிறேன்.

குழு சென்றது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். காட்டைத் தாண்டும் வரை நன்றாகத்தான் இருந்தது. அறுநூறு மீட்டருக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்தோம். எனக்கு முன்னால் பதினைந்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் நான் வழியைப் பார்த்து நடந்திருக்கவில்லை, தூரத்திலிருந்த உச்சியைப் பார்த்து நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பாறைக்குப் பிறகு பாதை திரும்புகிறது, விளிம்பு எவ்வளவு அருகில் வருகிறது, வேலி எந்தப் பக்கம் போகிறது என்று எதையும் நான் மனத்தில் வாங்கியிருக்கவில்லை.

கிரைக் கூம் அமார்க் உச்சிக்கு வந்தபோது பின்னால் வந்த மூவர் கைதட்டினார்கள். அதுதான் தலையுச்சி என்று நினைத்துவிட்டார்கள். இன்னும் இறங்கி ஏற வேண்டும் என்று நான் சொன்னபோது அவர்கள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களில் ஒரு அம்மையார் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். மழைச்சட்டையின் ஜிப்பை இழுக்க முயன்றார். விரல்கள் அந்தச் சிறிய உலோக நாக்கைப் பிடிக்க மறுத்தன. மூன்றுமுறை முயன்றுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அருகிலிருந்தவர் நலமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குழறியது.

உடல் வெப்பம் குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. கம்பமில்லாத துணிக்கூடாரம் ஒன்றை என் பையில் வைத்திருந்தேன். அனைவரும் அதைத் தலைவழியே போர்த்திக்கொண்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்தில் உள்ளே காற்று வெதுவெதுப்பானது. உலர்ந்த கம்பளிச்சட்டை, பிளாஸ்கிலிருந்து இனிப்பான தேநீர், ஒரு சாக்லேட் கட்டி. இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் தாமாகவே ஜிப்பை மேலே இழுத்தார். அங்கிருந்தே அனைவரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். நெற்றி விளக்கு இல்லாமல் நால்வர் வந்திருந்தார்கள். காட்டுக்குள் கடைசி அரைமணி நேரம் ஒரு விளக்குக்கு இருவராக நடந்தோம்.

இதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது இரண்டு. குழு போகும் பருவத்திலேயே, இயன்றால் மோசமான வானிலையிலேயே, வழி பார்க்கப் போகிறேன். வெயில் நாளில் போக நேர்ந்தால், மேகம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகாட்டியால் திசையை அளந்து, அடுத்த அடையாளம் வரை எத்தனை காலடி என்று எண்ணி எழுதிக்கொள்கிறேன். பெனகாடைரிலிருந்து மனித் மோய்லுக்குப் போகும் அகன்ற கல்வெளியில் இது மிகவும் தேவைப்படும். வடக்கு விளிம்பில் செங்குத்துப் பாறைகள் இருக்கின்றன.

நடைவழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈரமண் அவர்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். எங்கள் குழுவில் 61 வயதானவர் என் மேலாளராக இருந்து ஓய்வு பெறவிருக்கும் ஒரு அம்மையார். அவரிடமே கேட்டேன், வழி பார்க்க உடன் வருவதாகச் சொல்லிவிட்டார். கைப்பேசித் தொடர்பு, உதவி கேட்பது பற்றி யாராவது எழுத முடியுமா?

மறுமொழி 3: மேகமூட்டம்

நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

பிரிட்டனில் மலையில் உதவி வேண்டுமென்றால் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேசுவதற்குச் சிக்னல் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்விடும். அதற்கு முன்பதிவு வேண்டும்: "ரெஜிஸ்டர்" என்னும் ஆங்கிலச் சொல்லை 999க்கு இன்றே குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொல்லியுள்ளபடி செய்துவிடுங்கள். குழுவில் எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள். வழி பார்க்கும்போது எந்தெந்த இடத்தில் சிக்னல் வருகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள்; பாறைச் சுவர் சூழ்ந்த பள்ளத்துக்குள் அதை நம்பியிருக்க முடியாது. விசிலும் கட்டாயம் வேண்டும்: ஒரு நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மறுபடி ஊத வேண்டும்.

இருக்குமிடத்தைச் சொல்ல ஆர்டனன்ஸ் சர்வே கட்ட எண், அதாவது வரைபடத்தின் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண், தான் சிறந்தது. ஆனால் ஊர்ப் பெயரையும் சரியாகச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது, ஏனெனில் உங்கள் அழைப்பை எடுப்பவர் வெல்ஷ் பேசுபவராக இருக்கலாம். இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வெல்ஷ் எழுத்தில் இரட்டை டி வரும் இடத்தில் எழும் ஒலி, நாம் "அது" என்று சொல்லும்போது நடுவில் வரும் தகரத்தின் ஒலியேதான். மின்ஃபோர்த், மனித் இரண்டிலும் கடைசியில் வருவது அந்த ஒலி. ஒற்றை எஃப் எழுத்தை வகரமாகவும், டபிள்யூவை உகரமாகவும் படித்தால் பாதிப் பெயர்கள் வசப்பட்டுவிடும். இரட்டை எல் மட்டும் பழக வேண்டும்: லகரத்துக்கு நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதுவது போன்ற ஒலி அது.

இன்னொன்று, தலை எண்ணுவது. தெற்கு வேல்ஸின் பான்னை பிரகைனியோக் மலைத்தொடரில், 886 மீட்டர் உயரமுள்ள பென் அ வான் உச்சிக்கு அருகே, கூம் லுக் ஏரிக்கு மேலுள்ள முகட்டில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டில், தந்தையோடு தாத்தாவின் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்த டாமி ஜோன்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் மாலை இருட்டில் காணாமல் போனான். 29 நாள் கழித்து அவன் உடல் கிடைத்த இடம் அது. பண்ணை இருந்தது பள்ளத்தாக்கில். குழந்தையோ மலைமேல் ஏறிப் போயிருந்தான். அந்தத் தூணுக்கு அருகே நின்றபோது, இவ்வளவு சின்னக் கால்கள் எப்படி இங்கே வந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை. வழி தவறியவர் கீழ்நோக்கித்தான் போயிருப்பார் என்று எண்ணித் தேடத் தொடங்கக் கூடாது. யாரும் தவறிப் போகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு வேலிப்படியிலும், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் எண்ணுங்கள். கடைசி ஆளாக நம்பகமான ஒருவரை நியமித்து, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். இயற்கைக் கடனுக்காக ஒதுங்குபவர் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

வானிலைக்கு மெட் ஆபீஸ் எரரிக்கென்று தனியாக வெளியிடும் மலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊருக்கான அறிக்கை உதவாது. வெப்பநிலையை விடக் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள். மணிக்கு 40 மைலுக்கு மேல் வீசும் என்று இருந்தால், விளிம்பை ஒட்டிய அந்த முகட்டுக்குப் புதியவர்களை நான் அழைத்துப் போகமாட்டேன்.

நடைவழி

போய்விட்டு வந்தேன். உங்கள் மூவருக்கும் கணக்கு ஒப்படைப்பது என் கடமை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நானும் அந்த அம்மையாரும் காலை 8:40க்கு டோல் இட்ரிஸிலிருந்து கிளம்பினோம். இடையிடையே தூறலும் வெயிலுமாக மாறிக்கொண்டே இருந்தது. காட்டுப் படிகளில் எங்கே நின்று குழுவுக்கு முதல் அறிவுரைகளைச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு வளைவில் நல்ல அகலமான இடம் இருந்தது. அங்கே நின்று அவரிடம் பேசினேன். பத்தடி தள்ளி நின்றவர் கையைக் காதில் வைத்து என்ன என்று கேட்டார். ஓடையின் இரைச்சல் என் குரலை விழுங்கிவிட்டது. பன்னிரண்டு பேரை அங்கே நிறுத்திப் பேசியிருந்தால் முன்னால் நின்ற மூவருக்குத்தான் கேட்டிருக்கும். ஆகவே எல்லாவற்றையும் வண்டி நிறுத்துமிடத்திலேயே, கழிவறைக்குப் போய்வந்த பிறகு, சொல்லிவிடுவதாக மாற்றிக்கொண்டேன். வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்திருந்தும் இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஏரியை 10:30க்கு அடைந்தோம். கிரைக் கூம் அமார்க்குக்கு வந்தபோது 12:05. அம்மையார் மூச்சு வாங்கிய இடங்களை எல்லாம் குறித்தேன், மொத்தம் ஒன்பது. அவற்றில் ஆறு காட்டுக்குள்ளேயே வந்தன, முகட்டில் அவர் என்னைவிட நிதானமாக நடந்தார். அவருக்கு ஏற்றமோ உயரமோ சிக்கலில்லை; படியின் உயரம் தான் சிக்கல். அதனால் குழுவில் முழங்கால் வலி உள்ள இருவருக்கு நடைக்கோல் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெனகாடைரை நெருங்கும்போது மேகம் இறங்கியது. ஈரமண் அவர்கள் சொன்னபடி, தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், திசைகாட்டியைக் கையில் வைத்துக் காலடி எண்ணியபடியே மனித் மோய்ல் வரை போனோம். ஒருமுறை பாதையை விட்டு வடக்கே விலகிவிட்டேன். அம்மையார்தான், "தம்பி, காலுக்குக் கீழே புல் வந்துவிட்டதே, இவ்வளவு நேரம் கல்தானே இருந்தது?" என்று கேட்டு நிறுத்தினார். இருபது அடி பின்னால் வந்து பாதையைப் பிடித்தோம். அந்த இடத்துக்கான திசை அளவை இப்போது வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

மனித் மோய்லிலிருந்து இறங்கியது பற்றி எழுத நினைத்தால் முழங்கால் இன்னும் வலிக்கிறது. வேலியை ஒட்டிய அந்தச் சரிவில் ஈரமான புல்லும் பெயர்ந்த கற்களும் மாறி மாறி வந்தன. அம்மையார் இருமுறை வழுக்கி உட்கார்ந்தார், அடி எதுவும் படவில்லை. உச்சியிலிருந்து வண்டி வரை வந்துசேர மூன்று மணி நேரம் பிடித்தது. கீழே வந்தபோது 4:35. மொத்தம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். எங்கள் நாளில் சூரியன் மறைவது மாலை 6:20 அளவில். பன்னிரண்டு பேரோடு வந்தால் மீதமிருக்கும் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் கரைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே வழியை மாற்றிவிட்டேன். உச்சிக்குப் போக விரும்பும் அனுபவசாலிகள் நால்வர் ஒரு வாரம் கழித்து என்னோடு தனியாக வரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவாக வரும் நாளில் அனைவரும் ஏரி வரை போய், அங்கே உணவருந்தி, நேரமும் காற்றும் இடங்கொடுத்தால் மட்டும் முகட்டில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புவோம். முகட்டுக்கு ஏறுவதற்கான கெடு காலை 11:15. அதற்குள் உணவு முடியாவிட்டால் ஏரியோடு நிறுத்திக்கொள்வோம். இதை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் எழுதியபோது இருவருக்குச் சற்று வருத்தம். அம்மையாரே அவர்களுக்குப் பதில் எழுதினார், ஏரியின் படத்தோடு. அதற்குப் பிறகு யாரும் உச்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

எல்லோரும் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய்துவிட்டார்கள். துணிக்கூடாரம் பத்துப் பேருக்கானது ஒன்றும் நான்கு பேருக்கானது ஒன்றும் வாங்கியிருக்கிறேன். நெற்றி விளக்கு இல்லாமல் வருபவருக்கு என் பையில் இரண்டு கூடுதலாக இருக்கின்றன. ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது: கடைசி ஆளாக அம்மையாரையே நியமிக்கலாம் என்று நினைக்கிறேன், வழியை என்னோடு நடந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான், ஆனால் மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால் இடைவெளி கூடிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

கல்லும்முள்ளும்

நல்ல முடிவு. அம்மையாரை உங்களுக்கு அடுத்ததாக, இரண்டாவது ஆளாக நடக்கவிடுங்கள். அவருடைய வேகமே குழுவின் வேகமாகிவிடும், இடைவெளியும் விழாது. கடைசியில் வர, மலை ஏறிப் பழகிய நால்வரில் ஒருவரைப் போடுங்கள்; காட்டுக்குள் நுழையுமுன் அம்மையார் நின்ற அந்த ஆறு இடங்களையும் வரைபடத்தில் அவருக்குக் காட்டிவிடுங்கள்.